ராணுவ ஸ்கேல் மாடல் கிட்டை எடைபோடுவது எப்படி? கூடுதல் பாகங்களில் எதை வாங்கலாம், எதை விடலாம்?

பெட்டி மேல் இருக்கும் ஓவியத்தை வைத்து ஒரு கிட் (ஒட்டிச் சேர்க்க வேண்டிய மாடல் பாகங்கள் அடங்கிய பெட்டி) நல்லதா என்று சொல்லிவிட முடியாது. பாகங்களின் எண்ணிக்கையை வைத்தும் சொல்ல முடியாது. ஆயிரம் பாகங்கள் கொண்ட டாங்கி கிட்டில் டரட்டின் (பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்கூடு) வடிவமே தவறாக இருக்கலாம். இருநூறு பாகங்களோடு வரும் பழைய கிட் ஒன்று அளவிலும் பொருத்தத்திலும் அருமையாக இருக்கலாம். அளந்து பார்க்க வேண்டும், ஒட்டாமல் பொருத்திப் பார்க்க வேண்டும். ஒரு மாலைப்பொழுது போதும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கிட்டை வாங்கும்போதே உலோகப் பீரங்கிக் குழல், போட்டோ எட்ச் தகடு (ரசாயனத்தால் அரித்து வெட்டிய மெல்லிய உலோகத் தகடு), ரெசின் (ஊற்றி வார்க்கும் பிசின்) சக்கரம், தனித்தனிக் கண்ணிகளாக வரும் டிராக் (டாங்கியின் சங்கிலிப் பட்டை) என்று எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். பிறகு பெட்டியைத் திறந்தால் கிட்டில் வரும் குழலே நன்றாக இருக்கும். டிராக் வேறு நிறுவனத்தின் கிட்டுக்காகச் செய்ததாக இருக்கும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் கிட், பிறகு அளவு, பிறகு ஒட்டாமல் பொருத்துதல், கடைசியில்தான் கூடுதல் பாகம்.

தேவையான கருவிகள் குறைவு. 0.1 மி.மீ. வரை காட்டும் டிஜிட்டல் வெர்னியர் காலிபர், சிறிய டார்ச், உருப்பெருக்கி, மாஸ்கிங் டேப், நாலைந்து ரப்பர் பேண்ட், தட்டையான ஒரு கண்ணாடித் துண்டு, கால்குலேட்டர். உருப்பெருக்கி இல்லையென்றால் போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாலும் போதும்.

பெட்டி புதிது, அச்சு எப்போதையது?

பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. ஒரு கிட்டின் எஃகு அச்சு பல பத்தாண்டுகள் உழைக்கும். நிறுவனங்கள் பழைய அச்சில் வார்த்த பாகங்களைப் புதுப் பெட்டியில், புது டீக்காலோடு (நீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படலம்) மறுபடி வெளியிடுவது வழக்கம். ஒரு நிறுவனத்தின் அச்சு இன்னொரு நிறுவனத்தின் பெட்டியிலும் வரும். டாமியா தன் 1/72 (உண்மை அளவில் 72-இல் ஒரு பங்கு) விமான வரிசையில் இத்தாலேரியின் கிட்களை வெளியிட்டிருக்கிறது. ரெவல் பெட்டிகளில் ஹாசெகாவாவின் அச்சுகளும் டிராகனின் அச்சுகளும் வந்திருக்கின்றன. இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

ஸ்கேல்மேட்ஸ் என்ற இணையத் தரவுத்தளத்தில் கிட்டின் எண்ணைத் தட்டினால் அந்த அச்சு எந்த ஆண்டு முதன்முதலில் வந்தது, பிறகு எந்தெந்தப் பெட்டிகளில் வந்தது, எப்போது புதிய பாகங்கள் சேர்ந்தன என்ற காலக்கோடு கிடைக்கும். கிட் ஏற்கெனவே கையில் இருந்தால் பாகங்கள் ஒட்டி வரும் ஸ்ப்ரூ சட்டத்திலும், டாங்கியின் அடித்தட்டுக்கு உள்பக்கத்திலும், இறக்கையின் உள்பக்கத்திலும் பாருங்கள். பல நிறுவனங்கள் ஆண்டை அங்கே பொறித்து வைத்திருக்கும்.

பழைய அச்சு என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. பழைய அச்சின் தனிக் குறைகள் மட்டும் தெரிந்திருந்தால் போதும். விமானங்களில் 1970களுக்கு முந்தைய அச்சுகளில் தகட்டு இணைப்புக் கோடுகள் பெரும்பாலும் மேடாக இருக்கும். இணைப்பைத் தேய்க்கும்போது அவையும் தேய்ந்து காணாமல் போகும். 1960, 70களின் டாங்கி கிட்களில் பல, மோட்டாரும் பேட்டரியும் வைத்து ஓட்டுவதற்காகச் செய்தவை. அவற்றின் அடித்தட்டில் சுவிட்சுக்கான ஓட்டைகள் இருக்கும். சில கிட்களில் மோட்டார் நுழையவேண்டும் என்பதற்காக உடலின் அகலமே கூட்டப்பட்டிருக்கும். ஓட்டையை அடைத்துவிடலாம், அகலத்தைக் குறைப்பது புதியவர்களுக்கான வேலை அல்ல.

பெயர்களையும் கவனித்துப் படியுங்கள். எடுவார்ட் நிறுவனத்தில் ஒரே விமானம் வீக்எண்ட் பதிப்பாகவும் ப்ரோஃபிபேக் பதிப்பாகவும் கிடைக்கும். முதலாவதில் பிளாஸ்டிக்கும் டீக்காலும் மட்டுமே. இரண்டாவதில் வண்ணமிட்ட போட்டோ எட்ச், விதானத்துக்கான (விமானியறையின் கண்ணாடி மூடி) மாஸ்க் (பெயிண்ட் படாமல் மறைக்கும் ஒட்டுத்தாள்), கூடுதல் அடையாளங்கள் எல்லாம் சேர்ந்திருக்கும். முதலாவதை வாங்கிவிட்டு அந்தத் துணைப்பாகங்களைத் தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால் செலவு எகிறிவிடும்.

அளவை வகுத்துப் பாருங்கள்

உண்மையான வண்டியின் அளவை மில்லிமீட்டரில் எழுதி ஸ்கேல் எண்ணால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். டைகர் 1 டாங்கி குழல் இல்லாமல் 6.316 மீட்டர் நீளம். 6316-ஐ 35-ஆல் வகுத்தால் 180.5 மி.மீ. குழலை முன்னோக்கி வைத்தால் 8.45 மீட்டர், அதாவது 1/35-இல் 241.4 மி.மீ. இந்த இரண்டு நீளங்களையும் குழப்பிக்கொண்டு நல்ல கிட்டைத் தவறு என்று தீர்ப்பு சொல்பவர்கள் உண்டு. அளவு எந்த முனையிலிருந்து எந்த முனை வரை எடுத்தது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

விமானத்துக்கு இறக்கை விரிவு எளிதான சோதனை. வழக்கமான இறக்கை கொண்ட ஸ்பிட்ஃபயர் மார்க் 9-இன் விரிவு 11.23 மீட்டர். 1/72-இல் 156 மி.மீ., 1/48-இல் 234 மி.மீ. இறக்கை நுனி வெட்டப்பட்ட ஸ்பிட்ஃபயர்களும் உண்டு என்பதால் பெட்டியில் இருப்பது எது என்று பார்த்துவிட்டு அளக்க வேண்டும். கப்பலுக்கு முழு நீளம். 251 மீட்டர் நீளமுள்ள பிஸ்மார்க் 1/350-இல் 717 மி.மீ., 1/700-இல் ஏறக்குறைய 359 மி.மீ. வரவேண்டும்.

எவ்வளவு வித்தியாசம் வரை பொறுக்கலாம்? ஒட்டுமொத்த நீளத்தில் ஒரு சதவீதத்தைக் கண் கண்டுபிடிக்காது. 180 மி.மீ. உடலில் 1.5 மி.மீ. போனால் போகட்டும். ஆனால் அதே 1.5 மி.மீ. டரட்டின் உயரத்திலோ, விமான மூக்கின் தடிமனிலோ, விதானத்தின் உயரத்திலோ தவறினால் மாடலின் முகமே மாறிவிடும். மனித முகத்தில் மூக்கு ஒரு நூல் நகர்ந்தாலும் ஆள் மாறிவிடுவதைப் போலத்தான். ஆகவே மொத்த நீளத்தை ஒரு முறை அளந்தால் போதும். முகம் என்று சொல்லத்தக்க பகுதிகளை மூன்று நான்கு இடங்களில் அளந்து, பக்கவாட்டிலிருந்து எடுத்த உண்மைப் புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள். படம் தூரத்திலிருந்து எடுத்ததாக இருந்தால் நல்லது. அருகிலிருந்து எடுத்த படத்தில் முன்பகுதி வீங்கித் தெரியும்.

சிப்பாய் உருவங்களுக்கும் இதே கணக்கு உதவும். 175 செ.மீ. உயரமான ஆள் 1/35-இல் 50 மி.மீ., 1/48-இல் 36.5 மி.மீ., 1/72-இல் 24 மி.மீ. நிற்பார். 54 மி.மீ. என்று விற்கும் உருவம் 1/32-க்கு நெருக்கமானது. அதை 1/35 டாங்கி பக்கத்தில் நிறுத்தினால் ராட்சதனாகத் தெரிவார்.

ஸ்ப்ரூவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தல்

முதலில் பாகப் பட்டியலை வைத்துக்கொண்டு ஸ்ப்ரூக்களை எண்ணுங்கள். ஒரே ஸ்ப்ரூ இரண்டு முறை வர வேண்டியிருந்தால் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பாகத்தின் மேல் படுக்கைவாட்டில் அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத குழியும் மேடும் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் போட்டு நிற்கும்.

அப்போது பல குறைகள் கண்ணில் படும். அச்சின் இரு பாதிகளுக்கும் நடுவே கசிந்து படர்ந்த மெல்லிய பிளாஸ்டிக் தோல் ஃப்ளாஷ். அச்சு தேய்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது. கத்தியின் முதுகால் சுரண்டினால் போய்விடும். ஆனால் சின்னக் கைப்பிடிகளில் படர்ந்திருந்தால் சுரண்டும்போது கைப்பிடியே உடையும். அச்சின் பாதிகள் நேராகச் சேராவிட்டால் உருண்டைப் பாகங்களில் ஒரு பக்கம் படி விழுந்திருக்கும். டாங்கியின் குழலையும் விமானத்தின் சக்கரக் காலையும் விரல்களுக்கு நடுவே உருட்டினால் தட்டுப்படும். படி 0.2 மி.மீ.-க்கு மேல் இருந்தால், அதைத் தேய்த்து முடிக்கும்போது குழல் நீள்வட்டமாகிவிடும். உலோகக் குழல் வாங்க இது நியாயமான காரணம்.

தடிமனான இடத்தில் பிளாஸ்டிக் கடைசியாகக் குளிர்ந்து சுருங்குவதால் மேற்பரப்பில் விழும் குழி சிங்க் மார்க். உள்பக்கத்தில் பொருத்தும் முளை இருக்கும் இடத்துக்கு நேர் வெளியே தேடினால் கிடைக்கும். விமான உடலில் அது பெயிண்ட் அடித்ததும் பல்லிளிக்கும். புட்டி வைத்துத் தேய்த்துச் சரி செய்யலாம். அதன் மேல் ரிவெட் வரிசையோ கோடோ ஓடினால் அதையும் திரும்பப் போட வேண்டும் என்பதைக் கணக்கில் சேருங்கள்.

எஜெக்டர் பின் தடம் என்பது பாகத்தை அச்சிலிருந்து தள்ளி வெளியேற்றும் ஊசி விட்டுச் செல்லும் வட்டம். எல்லாக் கிட்டிலும் இருக்கும். எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. அடித்தட்டுக்குள் இருபது இருந்தாலும் கவலையில்லை. திறந்து வைக்கப்போகும் மேல்மூடியின் உள்பக்கத்தில், சக்கரக்கூட்டின் கூரையில், டிராக் கண்ணிகளின் உள்முகத்தில் இருந்தால் வேலை கூடும். ஒரு டிராக் கண்ணிக்கு இரண்டு தடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 96 கண்ணி, இரு பக்கமும் சேர்த்து 384 தடம். அந்த உள்முகம் சக்கரத்துக்கும் சேற்றுக்கும் அடியில் மறையப்போகிறது என்றால் தொடவே வேண்டாம்.

கோடுகளின் அகலத்தையும் பாருங்கள். 1/72 விமானத்தில் 0.2 மி.மீ. கோடு என்றால் உண்மையில் 14 மி.மீ. இடைவெளி. அப்படி ஓட்டையோடு எந்த விமானமும் பறக்காது. மெல்லிய, ஒரே ஆழமான கோடு நல்ல அச்சின் அடையாளம்.

கண்ணாடிப் பாகங்களை அச்சடித்த எழுத்தின் மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து நெளிந்தால் பிளாஸ்டிக் தடிமன் அதிகம், விதானத்தை மூடி வைத்தால் உள்ளே எதுவும் சரியாகத் தெரியாது. கண்ணாடிப் பாகங்கள் சட்டத்தோடு சேரும் இடத்தில் கட்டரால் நறுக்கினால் விரிசல் உள்ளே ஓடும். மெல்லிய ரம்பத்தால் அறுத்தெடுப்பதே பாதுகாப்பு.

ஒட்டாமல் பொருத்திப் பார்த்தல்

கிட்டின் உண்மையான குணம் தெரியும் இடம் இது. எல்லாப் பாகத்தையும் வெட்ட வேண்டாம். பெரிய நான்கைந்து பாகங்கள் போதும்.

டாங்கி என்றால் மேலுடல், கீழுடல், டரட்டின் இரு பாதிகள். விமானம் என்றால் உடலின் இரு பாதிகள், இறக்கைகள், விதானம். கட்டரால் பாகத்திலிருந்து 2 மி.மீ. தள்ளி முதலில் வெட்டுங்கள். பிறகு மீதிக் காம்பைக் கத்தியால் சீவி, கடைசியாக 400 எண் உப்புத்தாளால் ஓரிரு இழுப்பு. ஒரேயடியாக ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்துப்போய் குழி விழும். பொருத்தம் மோசமாக இருப்பதற்குப் பாதி நேரம் கிட் காரணமாக இருக்காது, மிச்சம் விட்ட காம்புதான் காரணம்.

இரு பாதிகளையும் சேர்த்து மாஸ்கிங் டேப்பால் நான்கு இடத்தில் கட்டுங்கள். இறக்கையைச் செருகி மேலிருந்தும் நேர் முன்னிருந்தும் பாருங்கள். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் 0.1 மி.மீ. இடைவெளி ஒட்டும் திரவத்திலேயே மூடிக்கொள்ளும். 0.2 முதல் 0.3 வரை புட்டி கேட்கும். 0.5-ஐத் தாண்டினால் புட்டி காய்ந்து சுருங்கி மறுபடி கோடு காட்டும், அங்கே பிளாஸ்டிக் தகட்டுத் துண்டு வைத்து அடைக்க வேண்டும். இடைவெளியைவிடத் தொல்லை தருவது உயர வித்தியாசம். இறக்கை மேற்பரப்பு உடலைவிட அரை மி.மீ. தாழ்ந்திருந்தால் சுற்றியுள்ள விவரங்களை எல்லாம் அழித்துத்தான் சமன் செய்ய முடியும்.

டாங்கியின் சக்கர அச்சுக்கைகளைச் செருகி, சக்கரங்களை மாட்டி, கண்ணாடித் துண்டின் மேல் வையுங்கள். எல்லாச் சக்கரமும் தரையைத் தொட வேண்டும். ஓரிரண்டு தூக்கிக்கொண்டு நின்றால் முதலில் கீழுடல் முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். லேசான முறுக்கலுக்கு 60 டிகிரி செல்சியஸ் அளவு வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்து, கையால் எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்து, குளிர்ந்த நீரில் விட்டால் போதும். கொதிநீர் வேண்டாம், கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் இளகி உருக்குலைந்துவிடும்.

குறைந்த எண்ணிக்கையில் அச்சிடும் சிறு நிறுவனங்களின் கிட்களில் பொருத்தும் முளையே இருக்காது. அரிதான விமானங்கள் அவர்களிடம்தான் கிடைக்கும். முதல் கிட்டாக எடுக்க வேண்டாம், ஐந்தாறு முடித்த பிறகு எடுங்கள்.

பெட்டியில் எழுதியிருக்கும் வண்டிதானா உள்ளே இருப்பது?

ராணுவ வண்டிகள் தயாரிப்பின் நடுவே மாறிக்கொண்டே இருந்தன. நிறுவனங்கள் ஒரே அச்சில் பல பதிப்புகளை வெளியிடும்போது பாகங்கள் கலந்துவிடுவது உண்டு.

டைகர் 1-ஐ எடுத்துக்கொள்வோம். காந்தக் கண்ணிவெடியைத் தடுப்பதற்காகப் பூசிய சிம்மரிட் என்ற வரிவரியான பூச்சு 1943 கோடை முடிவில் தொடங்கி 1944 செப்டம்பரில் கைவிடப்பட்டது. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ் படை கைப்பற்றிய டைகர் 131 இப்போது இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சிம்மரிட் கிடையாது. தளபதியின் கோபுரம் உருளை வடிவில், பக்கவாட்டில் நீளப் பிளவுகளோடு இருக்கும். 1943 நடுவில் அதற்குப் பதிலாகப் பெரிஸ்கோப்புகள் சுற்றிலும் வைத்த தாழ்வான வார்ப்புக் கோபுரம் வந்தது. 1944 தொடக்கத்திலிருந்து ரப்பர் விளிம்புச் சக்கரங்கள் போய் எஃகு விளிம்புச் சக்கரங்கள் வந்தன. ஆக, ஆப்பிரிக்க டைகர் என்று எழுதிய பெட்டியில் எஃகு விளிம்புச் சக்கரம் இருந்தால் ஏதோ கலந்துவிட்டது.

ஸ்பிட்ஃபயரில் இன்னும் சுலபம். திருப்பி வயிற்றைப் பாருங்கள். மார்க் 5-இல் வலது இறக்கைக்கு அடியில் பெரிய ரேடியேட்டர், இடது பக்கம் சிறிய எண்ணெய்க் குளிர்விப்பான். மார்க் 9-இல் இரு பக்கமும் ஒரே அளவுப் பெட்டிகள். காற்றாடியில் முன்னதற்கு மூன்று இதழ், பின்னதற்கு நான்கு. புகைக்குழல் வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். பக்கத்துக்கு ஆறு வாய் உள்ள ரெசின் புகைக்குழல் மார்க் 9-க்கானது, அதை மார்க் 5-இல் ஒட்டினால் பார்த்தவுடன் தெரியும்.

ரிவெட் அதிகமாக இருந்தால் விவரம் அதிகம் என்று நினைத்துவிட வேண்டாம். பி-51டி மஸ்டாங் விமானத்தின் இறக்கையில் காற்றோட்டம் வழுக்கிச் செல்வதற்காகத் தொழிற்சாலையிலேயே முன்பகுதி இணைப்புகளையும் ரிவெட்களையும் புட்டி பூசி மறைத்து வெள்ளி வண்ணம் அடித்தார்கள். அந்த இறக்கை முழுக்க ரிவெட் பொறித்த கிட் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தவறு.

செய்முறைத்தாளில் வண்ணங்களுக்கு நிறுவனத்தின் சொந்தப் பெயிண்ட் எண் மட்டுமே இருந்தால் அரைகுறைத் தகவல்தான். அமெரிக்க வண்டிக்கு எஃப்.எஸ். 595 எண், ஜெர்மன் டாங்கிக்கு ஆர்.ஏ.எல். எண், ஜெர்மன் விமானத்துக்கு ஆர்.எல்.எம். எண் என்று பொதுவான வண்ணத் தர எண்கள் இருந்தால் எந்தப் பெயிண்டிலும் கலந்துகொள்ளலாம். டீக்காலில் வெள்ளைக்கும் அதன் மேல் அச்சான நிறத்துக்கும் நடுவே விலகல் இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். நட்சத்திரத்தின் ஒரு பக்கம் வெள்ளை விளிம்பு தடித்து, மறுபக்கம் காணாமல் போயிருந்தால் அந்த ஒன்றை மாற்றியாக வேண்டும்.

கூடுதல் பாகம்: பிளாஸ்டிக்கால் முடியாததை மட்டும் வாங்குங்கள்

அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்க்கும் பிளாஸ்டிக்கில் மெல்லிய தகடு கடினம், நீண்ட நேரான குழல் கடினம், தொங்கித் தொய்யும் சங்கிலி கடினம், துளைகள் நிறைந்த வலை கடினம். இந்த நான்கிலும் கூடுதல் பாகம் பணத்துக்கு மதிப்பு தரும். மற்றதற்கெல்லாம் ஒரு கணம் யோசியுங்கள்.

தடிமனைக் கணக்கிட்டே முடிவு செய்யலாம். 1/35-இல் 0.8 மி.மீ. தடிமனுள்ள மட்கார்டு உண்மையில் 28 மி.மீ. தடிமன். வண்டியில் இருந்ததோ சில மில்லிமீட்டர் தகரம். 0.15 மி.மீ. போட்டோ எட்ச் வைத்தால் 5 மி.மீ. ஆகிறது, வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதே டைகரின் முன்கவசம் 100 மி.மீ., 1/35-இல் 2.9 மி.மீ. அங்கே பிளாஸ்டிக்குதான் சரியான பொருள்.

டிராக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் அதிகம் போவது அங்கேதான். டைகர், பாந்தர், டி-34 ஆகிய டாங்கிகளில் மேல்பக்கத்தைத் தாங்கும் தனி உருளைகள் இல்லை. கனமான எஃகுக் கண்ணிகள் சக்கரங்களின் தலையில் படுத்து, நடுநடுவே தொய்ந்து கிடக்கும். இழுத்து மாட்டிய வினைல் பட்டை அங்கே மாடலையே கெடுத்துவிடும். ஷெர்மன் டாங்கியின் டிராக்கோ முளைகளைச் சுற்றி ரப்பர் உறை வைத்துச் செய்தது, இறுக்கமாகவே ஓடியது. நன்றாக வார்த்த வினைல் பட்டை அதற்குத் தாராளமாகப் போதும். ஷெர்மனுக்கு உலோக டிராக் வாங்கும் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

டிராக் செட் கைக்கு வந்ததும் பத்துக் கண்ணிகளைக் கோத்து, லேசாக இழுத்துப் பிடித்து, ஒரு முளையின் நடுவிலிருந்து பதினோராவது முளையின் நடு வரை அளங்கள். டைகரின் கண்ணி இடைவெளி 130 மி.மீ., 1/35-இல் 3.71. ஆகவே பத்துக் கண்ணிக்கு 37.1 மி.மீ. வர வேண்டும். டி-34-இன் இடைவெளி 172 மி.மீ., பத்துக்கு 49.1. அரை மி.மீ. கூடினாலும் குறைந்தாலும் பல்சக்கரத்தில் நான்காவது ஐந்தாவது பல்லுக்குள் கண்ணி ஏறி நிற்கத் தொடங்கும். செட்டில் தனிப் பல்சக்கரம் கொடுத்திருந்தால் கிட்டின் பல்சக்கரத்தை ஒதுக்கிவிட்டு அதையே போடுங்கள். எண்ணிக்கையையும் சரி பாருங்கள்: பக்கத்துக்கு டைகருக்கு 96, டி-34-க்கு 72, ஷெர்மனுக்கு 79. உடைவதற்கும் தொலைவதற்கும் ஐந்தாறு கூடுதலாக இருக்க வேண்டும்.

வெள்ளை உலோகக் கண்ணிகளில் முளைத் துளை பாதி அடைந்து வரும். கைத்துரப்பணத்தால் ஒவ்வொன்றையும் திறக்க வேண்டும். துரப்பண முனையை நேராகப் பிடித்து, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துகளை ஊதுங்கள். ஊதாமல் திருகினால் துகள் அடைத்து முனை உள்ளேயே முறியும், பிறகு அந்தக் கண்ணி வீண். உலோக டிராக்கின் எடையைத் தாங்க அசையும் அச்சுக்கைகளை ஒட்டி நிறுத்திவிடுவது நல்லது, இல்லாவிட்டால் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் குந்திவிடும்.

உலோகக் குழலுக்கு இரண்டு அளவு போதும். வாயின் உள்விட்டம்: 88 மி.மீ. பீரங்கிக்கு 2.5 மி.மீ., 75-க்கு 2.1, 85-க்கு 2.4. இன்னொன்று, டரட்டின் முகப்பில் செருகும் காம்பின் விட்டம். குழல் இன்னொரு நிறுவனத்தின் கிட்டுக்குச் செய்ததாக இருந்தால் காம்பு பொருந்தாது. இப்போதைய கிட்களில் பக்கவாட்டு அச்சு முறையால் வாய் திறந்தபடி ஒரே துண்டாக வரும் குழல் இருந்தால், படி விழாமலும் நேராகவும் இருந்தால், மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

போட்டோ எட்ச் வாங்கும்போது எந்தக் கிட் எண்ணுக்கானது என்று அட்டையில் பாருங்கள். டாமியாவின் 35216 தொடக்ககால டைகர், 35146 பிற்கால டைகர். ஒன்றுக்கான தகடு இன்னொன்றில் முழுதாகப் பொருந்தாது. என்ஜின் காற்று வழியின் வலை, மட்கார்டு, கருவிகளைப் பிடிக்கும் கிளிப், விமான இருக்கைப் பட்டை ஆகியவை மதிப்புள்ளவை. உருண்டையாக இருக்க வேண்டியவற்றைத் தட்டைப் பித்தளையில் கொடுத்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். கைப்பிடிக்கு 0.3 மி.மீ. செப்புக் கம்பியை வளைத்தால் 1/35-இல் 10 மி.மீ. தடிக் கம்பிக்குச் சமம், தகட்டைவிட எவ்வளவோ மேல். கப்பல் மட்டும் விதிவிலக்கு. 1/700-இல் 0.1 மி.மீ. தளவேலிக் கம்பி 70 மி.மீ. குழாய்க்குச் சமம் என்றாலும், கம்பிவேலியே இல்லாத தளத்தைவிட அது கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

மடிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் தகட்டைக் குறை சொல்பவர்கள் பலர் மடிப்பில்தான் தவறியிருப்பார்கள். பாகத்தைக் கண்ணாடி மேல் வைத்து வளைந்த கத்தியால் அழுத்தி வெட்டுங்கள். சின்னத் துண்டு பறக்காமலிருக்க மேலே டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மடிப்புக் கோடு பாதி ஆழத்துக்கு அரித்திருக்கும். செய்முறைத்தாள் வேறு மாதிரி சொல்லாவிட்டால் அந்தக் கோடு மடிப்பின் உள்பக்கம் வர வேண்டும். கோட்டை ஒட்டி ஒரு எஃகு அளவுகோலை வைத்து அழுத்தி, மறுபக்கத்தின் அடியில் பிளேடைச் செருகி, முழு நீளத்தையும் ஒரே நேரத்தில் தூக்குங்கள். ஒரு முனையிலிருந்து தொடங்கினால் தகடு முறுக்கும். வளைவாக உருட்ட வேண்டிய பாகம் என்றால் முதலில் சிறு தீயில் காட்டி நிறம் மாறியதும் ஆறவிடுங்கள். பித்தளை மென்மையாகி, உருட்டிய வடிவத்திலேயே நிற்கும். மடிப்பை நிமிர்த்தி மறுபடி மடித்தால் இரண்டாவது தடவையில் ஒடிந்துவிடும்.

ரெசின் பாகத்தில் சுருக்கமும் காற்றுக்குமிழும்தான் எதிரிகள். சக்கரம் என்றால் விட்டத்தைக் கிட்டின் சக்கரத்தோடு ஒப்பிட்டு அளங்கள். என்ஜின் என்றால் வாங்குவதற்கு முன்பே கிட்டின் மூடியின் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். மூடியின் சுவரை 0.5 மி.மீ. வரை சுரண்டினால்தான் பல ரெசின் என்ஜின்கள் உள்ளே போகும். விதானத்தையும் மூடியையும் மூடி வைக்கப்போகிறீர்கள் என்றால் என்ஜினே வேண்டாம். ரெசினை வார்ப்புக் கட்டியிலிருந்து அறுக்கும்போது தண்ணீர் தொட்டு அறுங்கள், என்95 முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பெயிண்ட் ஒட்டுவதற்குப் பாத்திரம் கழுவும் சோப்பில் ஒருமுறை கழுவிவிடுங்கள். ரெசினுக்கும் உலோகத்துக்கும் பிளாஸ்டிக் சிமெண்ட் பிடிக்காது, சூப்பர் குளூ அல்லது எபாக்ஸிதான்.

3டி அச்சுப் பாகத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், படிப்படியான அடுக்குக் கோடு தெரிந்தால் பெயிண்டிலும் தெரியும். தொட்டால் பிசுபிசுப்பு இருந்தால் சரியாக இறுகவில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தாங்கு குச்சிகளை வெட்டுவதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் வைத்தால் ஒடியாது. நேர் வெயிலில் வைக்கக் கூடாது, புற ஊதாக் கதிரில் மேலும் இறுகி நொறுங்கும்.

மாஸ்க் விஷயத்தில் சுருக்கமாக: விதானத்துக்கு மஞ்சள் காகித மாஸ்க் வளைவில் படியும், வினைல் மாஸ்க் வளைவில் எழும்பும்.

எவ்வளவு செலவு செய்யலாம்?

கூடுதல் பாகங்களின் மொத்த விலை கிட்டின் விலையைத் தாண்டப்போகிறது என்றால் நிறுத்திவிட்டு, அதே வண்டிக்குப் புதிய அச்சு வந்திருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் வந்திருக்கும். மெல்லிய மட்கார்டு, தனிக் கண்ணி டிராக், வலைத் தகடு எல்லாம் பெட்டியிலேயே சேர்ந்து வரும். முதல் கிட்டுக்குக் கூடுதல் பாகமே வேண்டாம். இரண்டாவதில் குழலோ வலையோ ஒன்று மட்டும்.

கைமாறிய பழைய பெட்டி வாங்குவதானால் பிளாஸ்டிக்கைவிட மற்றவைதான் கெட்டிருக்கும். வினைல் டிராக் சக்கரங்களைத் தொட்டபடி பல வருடம் கிடந்திருந்தால், வினைலிலிருந்து கசியும் மென்மையாக்கி பாலிஸ்டைரீனைக் கரைத்திருக்கும். சக்கரத்தில் பளபளப்பான உருகிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் டிராக்கைத் தனிப் பையில் போட்டுவிடுங்கள். டீக்காலின் படலம் மஞ்சளித்திருந்தால் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டி ஒரு வாரம் வெயில் படவிட்டால் வெளுக்கும். அதன் பிறகு தேவைப்படாத ஒரு எண்ணை மட்டும் வெட்டி வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம் போட்டு நகர்த்திப் பாருங்கள். முழுதாக வழுக்கி வந்தால் மற்றதையும் பயன்படுத்தலாம். துண்டு துண்டாகச் சிதறினால் மீதித் தாளின் மேல் டீக்காலுக்கான திரவப் படலத்தையோ பளபளப்பு வார்னிஷையோ மெல்லிசாக இரண்டு பூச்சு பூசி ஒரு நாள் காயவிட்டு, ஒவ்வொன்றையும் விளிம்பை ஒட்டி வெட்டிப் பயன்படுத்துங்கள்.